கறுப்பு ஓரம் போட்ட என் புத்தகம்

நான் ஒரு புத்தகம் போட்டவன். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம், "எங்கே, காட்டுங்க" என்பார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு பிரதிகூடக் கிடையாது. ஏன் கிடையாது என்று விளக்கப் போனால் என் புத்தியின் லட்சணம் முழுவதும் வெளியே வந்துவிடும். அதனால் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதத் துணிந்ததற்கும் பெரிய காரணம் இல்லை. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் நான் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்தப் பேப்பர் கடையில் வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சேர்ந்தவன், பதினாலு வருஷமாக அதே கடை, அதே மூலை. பேப்பரை எண்ணுவேன், வெட்டுவேன், கட்டுவேன். வருகிறவர்களிடம் பேசுவது முதலாளியின் வேலை. அவர் சாப்பிடப் போயிருக்கும்போது யாராவது வந்துவிட்டால் நான் ரீம்களுக்குப் பின்னால் போய் எதையாவது தேடுவேன். ஒரு தடவை தேடிக்கொண்டே இருந்ததில் வந்தவர் அலுத்துப்போய்ப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்.

அந்த வருஷங்களில் ஊரில் ஓவியர்கள் சிலர் தாங்களாகவே புத்தகம் போட ஆரம்பித்திருந்தார்கள். பதிப்பகம் கிடையாது. அச்சகத்துக்கும் பெரும்பாலும் போவதில்லை. தரையில் ஒட்டுகிற லினோலியம் துண்டில் படத்தை வெட்டி, மை தடவி, தாளை மேலே வைத்துக் கையால் தேய்த்து எடுப்பார்கள். இருபது பிரதி, முப்பது பிரதி. நூலால் தைத்து, கடைசிப் பக்கத்தில் இது எத்தனையாவது பிரதி என்று பென்சிலால் எழுதுவார்கள். உள்ளே கதை இருக்காது, சிலதில் ஒரு வார்த்தைகூட இருக்காது. ஆனாலும் புத்தகம் என்றுதான் சொல்வார்கள். அதற்கு அவர்கள் எங்களிடம் வாங்கியது நாங்கள் ஒதுக்கிப் போட்ட சரக்கு: சொரசொரப்பான வைக்கோல் அட்டை, மழையில் ஓரம் பழுத்த ரீம், பொட்டலம் கட்டுகிற பழுப்புத் தாள். முதலாளிக்கு அவர்கள் மேல் தனி மரியாதை. "குப்பையைக் காசு குடுத்து வாங்குத கூட்டம் வே இது. நல்லபடியா கவனியும்" என்பார்.

அவர்களில் ஒரு பெண் ஓவியர் கோட்டைப் பக்கம் வாடகைக்கு இருந்தார். மாதம் இரண்டு தடவை வருவார். மலையாளத்தில் அளவு சொல்வார், நான் வெட்டிக் கொடுப்பேன். தமக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார் என்பதால் எனக்கு அவரிடம் பயம் குறைவு. ஒரு நாள் தாம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பதினாறு பக்கமும் குடைகள். மடக்கின குடை, விரித்த குடை, பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப்போன குடை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பஸ் குடையைப் பார்த்தபோது அதை விட்டுவிட்டுப் போனவன் நான்தான் என்று தோன்றியது. அதைச் சொல்லியிருக்கலாம். "பேப்பர் நல்ல கனம்" என்றேன். அது எங்கள் கடையில் வாங்கின பேப்பர்தானே என்று அவர் பதில் சொன்னார்.

அந்தக் குடைகள்தான் என்னைக் கெடுத்தன. எங்கள் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் தரை லினோலியத்தின் கழிவுத் துண்டுகள் கிடைத்தன. உடைந்த குடைக்கம்பியைக் கல்லில் தேய்த்து உளியாக்கினேன். மை, பக்கத்து அச்சகத்துத் தகரத்தில் மிஞ்சியது. தாளைத் தேய்க்க வீட்டில் இருந்த குழம்புக் கரண்டி. மூன்று மாதம் அந்தக் கரண்டி குழம்புக்குத் திரும்பவில்லை. என் மனைவி முதலில் திட்டினாள், பிறகு புதுக் கரண்டி வாங்கிக்கொண்டாள். நான் என்ன செய்கிறேன் என்று அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பத்துப் படம். மூட்டை தூக்குகிறவர், தராசு, பேப்பர் வெட்டும் மெஷின், ரீம் மேல் தூங்கும் பூனை, சாலைக் கடைத்தெருவில் மழை, இப்படி. ஏழாம் பக்கத்தில் என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லினோலியம் போதாததால் ஒரு படத்தை அச்செடுத்து முடித்ததும் அதே துண்டில் இன்னும் ஆழமாக வெட்டி அடுத்த படம் செய்தேன். ஆகவே எந்தப் படத்தையும் திரும்ப எடுக்க வழியில்லை. படத்துக்கு இருபத்துநாலு தாள். பேப்பர் கடைக்காரனுக்கு ஒரு குயர் என்றால் இருபத்துநாலு, அதற்குமேல் யோசிக்க வரவில்லை.

நகக்கண்ணில் மை இருந்ததைப் பார்த்து அந்த ஓவியர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு சனிக்கிழமை கழித்து ஒரு வாசகசாலையின் மாடி ஹாலில் எல்லோருடைய புத்தகங்களையும் ஒரே மேசையில் பரப்பி வைக்கப் போகிறோம், உங்கள் புத்தகத்தையும் வையுங்கள் என்றார். நான் தரையைப் பார்த்தேன். "ஒரு காப்பி மதி, சேட்டா" என்றார். ஒன்றே போதுமாம். தலையை ஆட்டினேன். எனக்குப் பேச்சு வராதே தவிர, தலை தாராளமாக ஆடும்.

இனி அட்டைதான் பாக்கி. தலைப்பு என்ன வைத்தாலும் பீற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆகவே தலைப்பே வேண்டாம் என்று என் பெயரை மட்டும் நடுவில் போட்டேன். பெயருக்குக் கீழே, வேலை முடிந்த தேதி. வெறும் தாளில் பெயர் கீழே வழுக்கி விழுகிற மாதிரித் தெரிந்ததால் சுற்றிலும் விரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு ஓரம். பார்க்க நிமிர்ந்து நின்றது. முதல் பக்கத்தில் என் முகம், சவரக் கண்ணாடியைப் பார்த்து வெட்டியது. கண்ணை நான்கு தடவை வெட்டிக் கெடுத்தேன். ஐந்தாவது தடவை புத்தி வந்து, மூடின கண்ணாகவே வெட்டிவிட்டேன்.

பெயர், தேதி, கறுப்பு ஓரம், உள்ளே கண் மூடிய முகம். எங்கள் கடையில் கல்யாணக் கார்டுக்கு அடுத்த அடுக்கில் கறுப்பு ஓரம் போட்ட கருமாதிக் கார்டு இருக்கும். பதினாலு வருஷம் அதை எண்ணிக் கட்டிக் கொடுத்த கை என் கை. ஆனாலும் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு பிரதியை வீட்டில் டிரங்குப் பெட்டி மேல் எடுத்து வைத்தேன். ஒன்று மேசைக்கு, ஒன்று அந்த ஓவியருக்கு. மற்ற இருபத்திரண்டை உறவுக்காரர்களுக்கும் கடைக்கு வந்துபோகிற பழக்கக்காரர்களுக்கும் தபாலில் அனுப்பினேன். எங்கள் கடையில் இருந்து முப்பது அடி தள்ளி இருக்கிற ஹார்டுவேர் கடைக்காரருக்கும் தபால்தான். நேரில் கொடுத்தால் அவர் பிரித்துப் பார்க்கும்வரை நான் எதிரே நிற்க வேண்டுமே. புதன்கிழமை தபாலில் போட்டேன். போட்டதும், இவர்களை எல்லாம் இனி எப்படிப் பார்ப்பது என்ற யோசனை வந்தது. காய்ச்சல் என்று கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வியாழனும் வெள்ளியும் வீட்டிலேயே கிடந்தேன்.

சனிக்கிழமை காலை கிள்ளிப்பாலம் வீட்டு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் என் மைத்துனனும் அவன் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். நாகர்கோவிலில் முதல் பஸ் பிடித்திருக்க வேண்டும். அவன் கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம். அவள் முனையிலேயே தலைமுடியை அவிழ்த்து விட்டு அழ ஆரம்பித்திருந்தாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்தேன். அவன் கிட்டே வந்து என்னைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அத்தான்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீங்க இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன். வாங்க" என்றேன், வாயில் நுரையோடு.

அவ்வளவு தூரம் வந்தவர்களை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. அவன் மனைவி அழுகையைப் பாதியில் நிறுத்த முடியாமல் இன்னும் இரண்டு வரி அழுதுவிட்டுத்தான் நிறுத்தினாள்.

சத்தம் கேட்டு என் மனைவி வெளியே வந்தாள். தம்பி கக்கத்தில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் எனக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. அது கோடிச் சேலை. புருஷன் செத்த வீட்டுக்குப் பெண்ணின் உடன்பிறந்தவன் கொண்டுவர வேண்டிய புதுத்துணி. என்ன கடிதாசி வந்தது, அதை முழுக்கப் படித்தாயா என்று அவள் தம்பியைக் கேட்டாள்.

"சாவுக் கடிதாசிய யாரு முழுசாப் படிப்பா, அக்கா? அத்தான் பேரு இருந்து, தேதி இருந்து, சுத்தி கறுப்பு. ஒரு தாளத் தள்ளினேன், அத்தான் கண்ண மூடிக் கெடக்காரு. அங்கினயே கிழிச்சுப் போட்டுட்டு பஸ்ஸேறிட்டேன்."

எங்கள் ஆட்களின் முறை அது. சாவுச் செய்தி வந்த தாளை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்றபடியே படித்து, உடனே கிழித்துப் போட்டு, காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

என் மனைவி உள்ளே போய் டிரங்குப் பெட்டி மேல் இருந்த இரண்டையும் எடுத்து வந்தாள். அட்டையை அப்போதுதான் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பதினாலு வருசமா இந்தக் கார்டத்தானே வித்தீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து நடுவில் ஒரு கிழி, திருப்பி வைத்து இன்னொரு கிழி. நான் நல்ல நூல் போட்டுத் தைத்திருந்ததால் கொஞ்சம் சிரமப்பட்டாள். உள்ளே படம் இருக்கிறது, ஏழாம் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்று சொல்ல நினைத்தேன். வாயில் நுரை இருந்தது. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒன்பது மணிக்கு முதலாளி ஒரு பெரிய ரோஜா மாலையோடு சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். என்னைக் கண்டதும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"காய்ச்சல்னு சொல்லி விட்டீரே வே, நம்பினேன். நேத்தெல்லாம் சாலைல பாதிப் பேரு எங்கிட்டத் துக்கம் கேட்டாச்சு. நானும் உம்மப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டேன். இனி அத எப்படித் திரும்ப எடுக்க?"

மாலையை எதிர் வீட்டுப் பசு தின்றது. கோடிச் சேலையை யாரும் கட்டக்கூடாது என்பதால் மைத்துனன் வந்த வழியே கொண்டுபோனான். நான் இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன், என் மனைவி சொன்னபடி.

அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. கையில் ஒரு பிரதி இல்லை, புதிதாக அச்செடுக்கவும் வழியில்லை. செவ்வாய்க்கிழமை அந்த ஓவியர் கடைக்கு வந்தார். நான் செத்துப் பிழைத்தது அவர் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. புத்தகம் தயாரா என்று கேட்டார். தலை ஆடியது. டைப் அடித்த பட்டியல் ஒன்றை எடுத்துக் காட்டினார். பத்து ஓவியர்களின் பெயர், பதினொன்றாவது என் பெயர். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரை விட்டால் என் பெயரை யாரும் ஒரு பட்டியலில் எழுதினதில்லை. எப்படியும் அந்த மேசையில் என் புத்தகம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. என் வாழ்க்கையில் வந்த முதல் வெறி. அது வந்த நேரத்தைப் பாருங்கள்.

யாராவது ஒருவர் கிழிக்காமல் வைத்திருக்க மாட்டாரா என்று கடை கடையாக ஏறினேன். தபாலில் அனுப்பித் தப்பித்தவன், இப்போது ஒவ்வொருவர் எதிரிலும் நேரில் போய் நின்றேன். ஹார்டுவேர் கடைக்காரர், படித்ததும் கிழித்துவிட்டதாகவும், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை என்றும் சொன்னார். துணிக்கடை அண்ணாச்சி எட்டாகக் கிழித்தாராம். ஓட்டல்காரர் அடுப்பிலேயே போட்டுவிட்டார். எனக்காகக் கடையின் அரைக் கதவை ஒரு மணி நேரம் சாத்தி வைத்திருந்த மளிகைக்காரர் மட்டும் கோபப்பட்டார். "செத்தவன் வந்து கடிதாசியத் திருப்பிக் கேக்கான் பாத்தியா" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லோரும் எனக்கு மரியாதை செய்துதான் கிழித்திருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்து உறவுகளில் ஒருவர் விடாமல் கிழித்தாயிற்று என்று மைத்துனன் தபால் கார்டு போட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி திண்டாட்டமான முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். முற்றத்தைப் பெருக்கும்போது செடி மூட்டில் ஒரு துண்டுத் தாள் கிடந்ததாம். அவள் கையில் இருந்தது. ஒரு காது, காதில் மூன்று கல் வைத்த கம்மல், கீழே அரிசிச் சுளகின் ஓரம்.

"இது என் கம்மல்தானே?"

ஆமாம் என்றேன்.

"சொல்லியிருக்கலாமே."

கொஞ்ச நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு யார் யாருக்கெல்லாம் அனுப்பினேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல, "கிழிச்சிருப்பாரு", "கிழிச்சிருப்பா" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் பொன்முடி எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர் சனங்களுக்கு ஜெபக்கூடம் நடத்துகிற உபதேசியாரைச் சொன்னேன். ரிஜிஸ்தரும் பாட்டுத் தாளும் வாங்க அவர் மாதம் ஒரு தடவை கடைக்கு வருவார்.

"அவரு வேதக்காரரு இல்லியா? அவங்க கிழிக்க மாட்டாங்க. பைபிளுக்குள்ள வெச்சிருப்பாங்க. போய்ப் பாருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் பொன்முடிக்கு ஏறினேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என்ன பேசுவது என்று ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அடுத்த வளைவில் மறந்துபோயிற்று. லயங்களின் கோடியில் உபதேசியார் வீடு. அவர் இல்லை, அவர் மனைவிதான் இருந்தார். என்னை அவர் முன்பின் பார்த்ததில்லை. ஆரியசாலைப் பேப்பர் கடையில் இருந்து வருகிறேன், தபாலில் வந்த புத்தகம் என்னுடையது என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அந்த அம்மா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கண்ண மூடுங்க" என்றார்.

மூடினேன்.

"ஸ்தோத்திரம். ஆளு நீங்கதான்" என்று உள்ளே கூட்டிப்போனார்.

பெரிய பைபிளைத் திறந்தார். நடுவில் என் புத்தகம், மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். கொண்டுபோகலாமா என்று கேட்டேன். உபதேசியார் வந்துதான் சொல்ல வேண்டும் என்று திரும்பவும் பைபிளுக்குள் வைத்து மூடிவிட்டார். மத்தியானம் வரை அந்தப் பைபிளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பக்தியா என்று அந்த அம்மா நினைத்திருப்பார்.

உபதேசியார் வந்ததும் முதலில் கர்த்தருக்கு நன்றி சொன்னார், பிறகு சிரித்தார், பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். சனிக்கிழமை தபால் வந்ததாம். ஞாயிறு எனக்காக ஜெபம் செய்தார்களாம். ஜெபம் முடிந்ததும் அந்தத் தாளில் என்ன என்று சனங்கள் கேட்க, ஒவ்வொரு படமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒரு மணி நேரம் யாரும் எழுந்து போகவில்லை. தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே, கடைக்காரர் ஏமாற்றுகிறாரா என்று ஒரு பெண் கேட்டாளாம். பூனையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாம். மூட்டை தூக்குகிற ஆளைப் பார்த்துவிட்டு ஒருவர், முதுகு இப்படி வளையாது, இன்னும் கீழே வளையும் என்றாராம்.

இருபத்திரண்டு பேருக்கு அனுப்பியதில் என் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்கள் இவர்கள் மட்டும்தான். அதுவும் நான் செத்துப்போனதால்.

மேசையைப் பற்றிச் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார். வருகிற ஞாயிறு மேல் லயத்து ஆட்களுக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"நாளைக்கு வெச்சுக்கிடுங்க. ஆனா ஞாயித்துக்கெழம சாயங்கால ஜெபத்துக்கு இங்க இருக்கணும். தபால்ல எங்களுக்கு வந்தது, அதனால இது எங்க புஸ்தகம்" என்றார்.

தலை ஆடியது. இந்தத் தடவை யோசித்துத்தான் ஆட்டினேன்.

சனிக்கிழமை ஹாலில் நீள மேசை. பதினொரு புத்தகங்கள். என்னுடையதை ஓவியரே வாங்கிக் கடைசியில் வைத்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஏழாம் பக்கத்தில் நிறுத்தி யார் என்று கேட்டார். வீட்டுக்காரி என்றேன். வீட்டுக்காரி அந்த நேரம் நல்ல சேலை கட்டிக்கொண்டு என் பின்னால்தான் நின்றாள். முன்னால் வந்து அந்தப் பக்கத்தை மட்டும் குனிந்து பார்த்தாள். "என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று என் காதில் கேட்டாள். மை பரவிவிட்டது என்று பழியை மை மேல் போட்டேன்.

சாயங்காலம் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து என் புத்தகத்தை எடுத்தார். கீழே வைக்கவே இல்லை. விலை என்ன என்று கேட்டார். அதுவரை அந்த மேசையில் யாரும் எதையும் விலை கேட்கவில்லை. மற்ற ஓவியர்கள் மெல்ல நெருங்கி வந்து நின்றார்கள். பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். சாதாரணமாக இந்த இடத்தில் என் தலை ஆடியிருக்கும்.

"இல்ல. தர முடியாது" என்றேன்.

அவர் ஒரு தொகை சொன்னார். பிறகு அதைவிடப் பெரிய தொகை சொன்னார். தர முடியாது என்று இன்னொரு தடவை சொன்னேன். பொன்முடியில் ஜெபக்கூடம் இருக்கிறது, அவர்கள் காத்திருக்கிறார்கள், புத்தகம் அவர்களுடையது என்று விளக்கத்தான் நினைத்தேன். பேச்சு வரவில்லை. வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். கண்ணாடிக்காரர் மிகுந்த மரியாதையோடு புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். தங்களில் ஒருவருக்கும் இந்தத் துணிச்சல் கிடையாது என்று ஓவியர் சொன்னார். தாடி வைத்த ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கூட்டத்தில் நான் இன்றுவரை, காசுக்கு மசியாத, திமிர் பிடித்த கலைஞன். யாரும் கேட்காததால் நானும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் பொன்முடிக்கு வந்தாள். லயத்துப் பெண்கள் அவளை ஏழாம் பக்கத்தில் இருந்து அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். பெஞ்சில் நடுவில் உட்கார வைத்துக் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்கள். கம்மலைத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்திருந்த என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் சுவர் ஓரமாக நின்றேன், அது எனக்குப் பிடித்த இடம்.

ஜெபம் முடிந்து புத்தகம் கைமாறிக்கொண்டிருக்கும்போது ஐம்பது வயது இருக்கும் ஒரு தொழிலாளி என்னிடம் வந்தார். முதுகைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். "வெளிய வாங்க, காட்டுதேன்" என்றார். ஒரு சாக்கில் விறகை அள்ளிப் போட்டுத் தோளில் ஏற்றினார். முழங்காலை மடக்கி, கழுத்தை முன்னே தள்ளி, கீழே, இன்னும் கீழே வளைந்து நின்றார்.

"இப்பிடி. பாத்துக்கிடுங்க."

பார்த்தேன். நான் வெட்டியிருந்தது தப்புதான். தினமும் கடை வாசலில் பார்த்தும் அந்த வளைவு என் கண்ணில் படவில்லை. முதுகெலும்பு எங்கே திரும்புகிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அவர் அசையவில்லை. நெற்றியில் இருந்து வேர்வை சொட்டியது. பார்த்தாயிற்று, போதும் என்று சொல்ல வேண்டியது நான்தான். அவரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அவரும் இறக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

ஜெபக்கூடத்து வாசலில் இருந்து என் மனைவி பார்த்திருக்கிறாள்.

"போதும்ணே, எறக்கி வைங்க. அவரு சொல்ல மாட்டாரு" என்றாள்.